கஞ்சா எண்ணெயைத் தண்ணீரில் சமமாகக் கலப்பது எப்படி

கடையில் வாங்கிய கஞ்சா எண்ணெயை ஒரு ஜாடி எலுமிச்சை ஜூஸில் விட்டு, கரண்டியால் நாலு சுற்று சுற்றிப் பரிமாறினால் என்ன ஆகும்? முதல் டம்ளர் குடித்தவர் "ஒன்றுமே தெரியவில்லையே" என்பார். இன்னொருவர் தலை சுற்றி, நெஞ்சு படபடத்து, இரவு முழுக்கத் தூங்காமல் அவதிப்படுவார். இரண்டு பேருக்கும் காரணம் ஒன்றுதான். எண்ணெய் கலக்கவே இல்லை. கொஞ்சம் மேலே மிதந்தது, கொஞ்சம் ஜாடியின் சுவரில் ஒட்டிக்கொண்டது, மிச்சம் யாரோ ஒருவருடைய டம்ளரில் மொத்தமாக விழுந்தது.

இணையத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பானம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். வீட்டில் செய்கிறவருக்கு அது தேவையே இல்லை. கலங்கலாக இருந்தால் ஒரு தப்பும் கிடையாது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரே அளவு மருந்து போகிறதா என்பதுதான் கேள்வி. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் சட்டம். இது கனடாவில் இருக்கும் பெரியவர்களுக்காக எழுதியது. அங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது. உணவு, பானம், செறிவூட்டிய சாறு ஆகியவற்றுக்கான விதிகள் சரியாக ஒரு வருடம் கழித்து, 2019 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தன. வயது வரம்பு ஒன்டாரியோவில் 19, ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. வீட்டில் சொந்த உபயோகத்துக்கு உணவும் பானமும் செய்துகொள்ளலாம், ஆனால் பியூட்டேன் போன்ற கரைப்பான்களை வைத்து நீங்களே சாறு இறக்கக்கூடாது. அது சட்ட மீறல், வீடு தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் இருந்து படிப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். கனடாவிலிருந்து ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு சொட்டுகூட இருக்கக்கூடாது. எந்த நாட்டுக்குப் போனாலும் கனடிய எல்லையைக் கஞ்சாவோடு தாண்டுவது குற்றம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அவர்கள் நாட்டுச் சட்டப்படி குற்றம்தான், அதையும் மனதில் வையுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி., போதை தராதது சி.பி.டி. இரண்டுமே கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் சில மில்லிகிராம் டி.எச்.சி. கரைவதே கஷ்டம். அதனால்தான் கடையில் விற்கும் எண்ணெயில் அதை எம்.சி.டி. எண்ணெயில் கரைத்து வைத்திருப்பார்கள். எம்.சி.டி. என்பது தேங்காய் அல்லது பனை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த, குளிரிலும் உறையாத, வாசனையில்லாத மெல்லிய எண்ணெய். வட இந்தியாவில் ஹோலிக்குக் குடிக்கும் பாங் தண்டாயில் பாலும் பாதாமும் நெய்யும் சேர்வதும் சும்மா ருசிக்காக மட்டும் அல்ல, அந்தக் கொழுப்பில்தான் இலையின் சத்து இறங்குகிறது.

எண்ணெயைத் தண்ணீரில் "கரைக்க" முடியாது. நம்மால் முடிந்தது அதைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்து, அந்தத் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் தடுப்பது. இதற்குப் பெயர் எமல்ஷன், தமிழில் பால்மம் என்போம். பால், தேங்காய்ப் பால் எல்லாம் இயற்கையான எமல்ஷன்கள். ரசத்தில் தாளித்துக் கொட்டிய நெய் தங்கக் கண்களாக மிதக்குமே, அது எமல்ஷன் ஆகாத எண்ணெய். நம் பானத்தில் அந்தக் கண்கள் ஒன்றுகூடத் தெரியக்கூடாது.

துளியின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எண்ணெய்த்துளி மேலேறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துளியைப் பாதி ஆக்கினால் மேலேறும் வேகம் கால்வாசி ஆகிவிடும், பத்தில் ஒன்றாக்கினால் நூறில் ஒன்று. வீட்டு ஹேண்ட் பிளெண்டர் நன்றாக வேலை செய்தால் துளி சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு வரும். தொழிற்சாலையில் அதிக அழுத்த ஹோமோஜெனைசரிலோ 20 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் கருவியிலோ ஓட்டி 100 நானோமீட்டருக்கும் கீழே, அதாவது மைக்ரானில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோகிறார்கள். அவ்வளவு சிறிய துளி ஒளியை அதிகம் சிதறடிக்காது, அதனால்தான் கடை பானங்கள் தெளிவாகத் தெரிகின்றன, மாதக்கணக்கில் பிரியாமலும் நிற்கின்றன. நகை கழுவும் சின்ன அல்ட்ராசோனிக் தொட்டியில் இதைச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள், அதன் சக்தி போதாது, காசை வீணாக்காதீர்கள்.

துளியை உடைத்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றி ஒரு உறை வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் எமல்சிஃபையர். எல்லோரும் முதலில் கேள்விப்படுவது லெசித்தின். சூரியகாந்தியிலிருந்தும் சோயாவிலிருந்தும் எடுப்பது. நல்ல பொருள்தான், ஆனால் லெசித்தினை மட்டும் நம்பி மெல்லிய பானத்தில் இறங்கினால் சில மணி நேரத்தில் மேலே ஆடை படியும். எனக்குப் பிடித்தது கம் அரபிக். பாக்கெட்டில் அகேசியா கம் என்றும் போட்டிருக்கும், நம் ஊர் வேலம்பிசின் வகையறா. சூடான் நாட்டிலிருந்துதான் உலகத்துக்குப் பெருமளவு வருகிறது. குளிர்பானக் கம்பெனிகள் ஆரஞ்சுத் தோல் எண்ணெயைத் தண்ணீரில் நிறுத்த நெடுங்காலமாக இதைத்தான் நம்பியிருக்கின்றன. அதில் கொஞ்சம் புரதம் உண்டு, அந்தப் பகுதி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும், அதனால் இரண்டு துளிகள் நெருங்கி ஒட்ட முடியாது. புளிப்பிலும் கெடாது என்பது எலுமிச்சை பானத்துக்குப் பெரிய வசதி. கம்பெனிகள் பாலிசார்பேட் 80, மாற்றியமைத்த ஸ்டார்ச், சிலி நாட்டு கியுலாயா மரப்பட்டையின் சாப்போனின் என்ற நுரைக்கும் பொருள் எல்லாம் பயன்படுத்துகிறார்கள். பூந்திக்கொட்டையிலும் சாப்போனின் இருக்கிறதே என்று அதை எடுத்து உணவில் போட்டுவிடாதீர்கள்.

வாங்க வேண்டியவை: உரிமம் பெற்ற கடையில் வாங்கிய கஞ்சா எண்ணெய், சாதா எம்.சி.டி. எண்ணெய், உணவுத் தரக் கம் அரபிக் பொடி, திரவ லெசித்தின் (பொடி லெசித்தின் எண்ணெயில் சரியாக இறங்காது), 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு, ஹேண்ட் பிளெண்டர், அது நுழையும் அளவுக்குக் குறுகலான உயரமான ஜாடி. வீட்டில் பூவைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயை இதற்கு எடுக்காதீர்கள் என்பேன். அதில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தெரியாத அளவை எவ்வளவு நன்றாகக் கலந்தாலும் தெரியாத அளவுதான்.

இப்போது கணக்கு. லேபிளில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி. என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளருக்கு 2.5 மில்லிகிராம், 12 டம்ளர். மொத்தம் 30 மில்லிகிராம், அதாவது 3 மில்லி எண்ணெய். உங்கள் பாட்டில் வேறு அளவாக இருந்தால் 30-ஐ அந்த எண்ணால் வகுங்கள். லேபிள் மில்லிக்குச் சொல்கிறதா கிராமுக்குச் சொல்கிறதா என்று கண்ணை வைத்துப் பாருங்கள், எம்.சி.டி. தண்ணீரைவிட லேசு, ஒரு மில்லி சுமார் 0.95 கிராம்தான் இருக்கும். கிராமுக்கு என்று இருந்தால் தராசில் நிறுத்து எடுங்கள். 2.5 என்பதை நான் சும்மா எடுக்கவில்லை, புதியவர்கள் அதைத் தாண்ட வேண்டாம் என்றுதான் கனடா சுகாதாரத் துறையும் சொல்கிறது. கடையில் ஒரு முழு பானத்துக்கே உச்சவரம்பு 10 மில்லிகிராம்.

3 மில்லி எண்ணெய் பிளெண்டருக்கு மிகக் குறைவு, பிளேடில் படாமலே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் 7 மில்லி சாதா எம்.சி.டி. சேர்த்து 10 மில்லி ஆக்குகிறோம். முழு அளவும் இதுதான்:

கம் அரபிக் 15 கிராம்
கஞ்சா எண்ணெய் 3 மில்லி, சாதா எம்.சி.டி. 7 மில்லி
திரவ லெசித்தின் 1 கிராம்
தண்ணீர் 80 கிராம், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 10 கிராம்
கடைசியில் மொத்த எடை 120 கிராம் வரும்வரை இன்னும் கொஞ்சம் தண்ணீர்

120 கிராமில் 30 மில்லிகிராம் என்றால் 10 கிராமில் 2.5. ஒரு டம்ளருக்கு 10 கிராம், கணக்கு முடிந்தது.

ஆனால் முதல் முறை கஞ்சா எண்ணெய் பாட்டிலைத் தொடாதீர்கள். மஞ்சள் எண்ணெயில் ஒத்திகை பாருங்கள். 10 மில்லி எம்.சி.டி. எண்ணெயில் அரை ஸ்பூன் மஞ்சள் தூள் போட்டு லேசாகச் சூடாக்கி, மெல்லிய துணியில் வடிகட்டினால் பளிச்சென்ற மஞ்சள் எண்ணெய் கிடைக்கும். மஞ்சளின் நிறமும் டி.எச்.சி. மாதிரியே எண்ணெயோடு போகிற பொருள், தண்ணீரில் கரையாது. அதனால் எண்ணெய் எங்கே போகிறதோ அதைக் கண்ணால் பார்க்கலாம். கஞ்சா எண்ணெய்க்குப் பதில் அதை வைத்து, கீழே சொல்லும் முறையிலேயே எமல்ஷன் செய்து முடித்ததும் ஆறு டம்ளரில் பிரித்து வரிசையாக ஜன்னலோரம் வையுங்கள். ஆறும் ஒரே மஞ்சளாக இருக்கிறதா? ஜாடியின் அடியில், பிளெண்டர் பிளேடின் கழுத்தில் எவ்வளவு மஞ்சள் ஒட்டியிருக்கிறது? மறுநாள் காலையில் டம்ளரின் விளிம்பில் வளையம் கட்டியிருக்கிறதா? கை பழகும்வரை இதையே செய்யுங்கள். இந்த ஒத்திகையைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு யாருக்கு எவ்வளவு போனது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

இனி நிஜமாகச் செய்வது. முதல் நாள் இரவே 80 கிராம் தண்ணீரில் கம் அரபிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும், வெளியே பசையும் உள்ளே உலர்ந்த மாவுமாக இருக்கும் அந்தக் கட்டிகள் பிளெண்டருக்கும் மசியாது. காலையில் தேன் நிறத்தில் ஒரு மெல்லிய பாகு இருக்கும். எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக் கலக்குங்கள்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் லெசித்தினை எடுத்து, கிண்ணத்தை வெந்நீரில் வையுங்கள். கஞ்சா எண்ணெய் பாட்டிலைக் கையில் வைத்துச் சூடேற்றி நன்றாகக் குலுக்கி, சிரிஞ்சில் 3 மில்லி இழுத்துக் கிண்ணத்தில் விடுங்கள். அப்புறம் அதே சிரிஞ்சால் 7 மில்லி சாதா எண்ணெயை இழுத்து விடுங்கள், உள்சுவரில் ஒட்டியிருந்த கஞ்சா எண்ணெயும் இதோடு வந்துவிடும். மூன்றும் ஒரே நிறமாகும்வரை கலக்குங்கள். கை பொறுக்கும் சூடு போதும், கொதிக்க வைக்க வேண்டியதில்லை. கடை எண்ணெயில் டி.எச்.சி. ஏற்கெனவே சூட்டில் போதை தரும் வடிவுக்கு மாற்றப்பட்டுத்தான் வருகிறது.

வெறும் ஜாடியைத் தராசில் வைத்து அதன் எடையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். கம் அரபிக் பாகை ஜாடியில் ஊற்றி, பிளெண்டரை அடிவரை இறக்கி ஓடவிட்டு, எண்ணெயை நூல் மாதிரி மெதுவாக விடுங்கள். அவசரப்படக்கூடாத இடம் இதுதான். வேகமாக விட்டால் பெரிய துளிகள் உறை கிடைக்காமலே ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், பிறகு எவ்வளவு நேரம் அரைத்தாலும் முழுசாகச் சரியாகாது. எண்ணெய் முடிந்ததும் கிண்ணத்தை அதே பாகில் கொஞ்சம் எடுத்து அலசி ஜாடியிலேயே ஊற்றுங்கள். அதன்பின் ஒரு நிமிடம் ஓட்டி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, இப்படி நாலைந்து தடவை. பிளேடு எப்போதும் திரவத்துக்கு அடியிலேயே இருக்கட்டும். மேலே தூக்கினால் காற்று புகுந்து நுரை பொங்கும், கம் அரபிக் நுரையையும் நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் என்பதால் அது அடங்க வெகுநேரம் ஆகும்.

பாகு தேன் நிறத்திலிருந்து பால் வெள்ளைக்கு மாறுவதைப் பார்க்கலாம். பிளெண்டரின் பிளேடை ஜாடிக்குள்ளேயே அரை டீஸ்பூன் தண்ணீரில் கழுவிவிடுங்கள். இப்போது ஜாடியைத் தராசில் வைத்து, வெறும் ஜாடியின் எடையைக் கழித்து, 120 கிராம் வரும்வரை தண்ணீர் விட்டு ஒரு கடைசிச் சுற்று ஓட்டுங்கள்.

சோதனை எளிது. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து ஒரு சொட்டு விடுங்கள். புகைபோலப் பரவி லேசாகக் கலங்கினால் சரி. மேலே பளபளவென்று ஒரு வட்டம் மிதந்தாலும், விரலால் மேற்பரப்பைத் தொட்டால் பிசுக்கு ஒட்டினாலும் இன்னும் உடையவில்லை, மறுபடி பிளெண்டர்.

பானத்தில் சேர்க்கும்போது மில்லி பார்க்காமல் தராசில் 10 கிராம் நிறுத்து ஊற்றுங்கள். நுரை இருக்கும்போது மில்லி அளவு பொய் சொல்லும். எலுமிச்சை ஜூஸ், ஐஸ் டீ, இஞ்சி கலந்த பானங்கள் எல்லாம் ஒத்துவரும். கஞ்சாவின் லேசான கசப்பை இஞ்சியும் புளிப்பும் நன்றாக மறைக்கும். சோடா என்றால் எமல்ஷனை முதலில் டம்ளரில் விட்டு, சோடாவைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள், தலைகீழாகச் செய்தால் பொங்கி வழியும், வழிந்ததில் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. மோரிலும் சேர்க்கலாம். பால் சேர்த்த டீக்கு எலுமிச்சைச் சாறு விடாமல் செய்த எமல்ஷன் வேண்டும், இல்லையென்றால் பால் திரிந்துவிடலாம். டம்ளர் டம்ளராக அளந்து ஊற்றுவதுதான் என் வழி, ஒரு பெரிய ஜாடியில் மொத்தமாகக் கலந்து வைப்பதைத் தவிருங்கள். மதுவோடு மட்டும் சேர்க்கவே வேண்டாம்.

உணவில் இரண்டு வகை உண்டு. தேங்காய்ப் பால் பாயசம், குருமா, வேர்க்கடலைச் சட்னி போன்ற கொழுப்புள்ள பண்டங்களுக்கு எமல்ஷனே தேவையில்லை, எண்ணெயை அந்தப் பண்டத்தின் கொழுப்போடு சூடாக இருக்கும்போது சேர்த்து பிளெண்டரில் ஓட்டினால் போதும். ஜெல்லி, பழக்கூழ், தெளிவான சூப் போன்ற தண்ணீர்ப் பண்டங்களுக்குத்தான் மேலே சொன்ன எமல்ஷன். ஜெல்லி என்றால் கடல்பாசியைக் காய்ச்சி, அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் எமல்ஷனைச் சேர்த்துக் கலக்கி உடனே அச்சில் ஊற்றிவிட வேண்டும். கடல்பாசி சுமார் 35, 40 டிகிரியிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும், அதற்குள் எல்லா அச்சிலும் ஊற்றி முடியுங்கள். ஒவ்வொரு அச்சிலும் ஒரே எடை விழுந்ததா என்றும் நிறுத்துப் பாருங்கள். ஐஸ் குச்சி செய்வது பலருக்கும் தோன்றும் யோசனை, ஆனால் உறையும்போது பனிப் படிகங்கள் துளிகளை நெருக்கி உறையைக் கிழித்துவிடும், எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கும். வேண்டாம்.

இன்னொரு பொறி, மரவள்ளி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொடி. அதில் எண்ணெயை விட்டுப் பிசைந்தால் அழகான வெள்ளைப் பொடி ஆகும், "தண்ணீரில் கரையும் கஞ்சாப் பொடி" என்று நினைத்துவிடுவார்கள். தண்ணீர் பட்டதும் மாவு கரைந்துபோகும், எண்ணெய் பழையபடி வெளியே வந்து மிதக்கும்.

குடித்தபிறகு அவசரப்படாதீர்கள். கடையில் விற்கும் நானோ பானங்கள் கால் மணி, அரை மணியில் தெரிய ஆரம்பிக்கலாம் என்பதால் வீட்டில் செய்ததும் அப்படித்தான் என்று எண்ண வேண்டாம். நம் துளி பெரிது. வாய்வழி உட்கொண்டது தெரிய அரை மணியிலிருந்து 2 மணி நேரம் வரை ஆகலாம், உச்சத்துக்கு வர 4 மணி நேரம்கூட ஆகலாம், 12 மணி நேரம் வரை நீடிக்கலாம். கல்லீரல் டி.எச்.சி.யை 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற இன்னும் வலுவான பொருளாக மாற்றுகிறது, புகைக்கிறதைவிடச் சாப்பிடுவது வேறு மாதிரி பிடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அன்றைக்கு ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள், வண்டி ஓட்டாதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தொடவே கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், குடும்பத்தில் மனச்சிதைவு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். விருந்தாளிகளுக்குச் சொல்லாமல் கொடுப்பதைப் பற்றி நினைத்தும் பார்க்காதீர்கள்.

மிஞ்சிய எமல்ஷனை அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், டி.எச்.சி. பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். கேன்களின் உள்பூச்சு டி.எச்.சி.யை உறிஞ்சிக் குறைத்துவிடுவது கம்பெனிகளே போராடும் பிரச்சினை. இதில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்கவில்லை என்பதால் மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு நிறுங்கள், வாசனை மாறினாலோ வளையம் கட்டினாலோ கொட்டிவிடுங்கள்.

பாட்டிலின் மேல் பெரிய எழுத்தில் "கஞ்சா, 10 கிராமில் 2.5 மில்லிகிராம்" என்று தேதியோடு எழுதி ஒட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள் என்பதால் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஃபிரிட்ஜுக்குள்ளேயே பூட்டுள்ள ஒரு பெட்டி வைத்து அதில் பூட்டுங்கள், பார்ப்பதற்குப் பால் மாதிரியே இருக்கும் திரவம் இது. குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் கனடாவின் விஷமுறிவு உதவி எண் 1-844-764-7669-க்கு உடனே கூப்பிட்டு, எத்தனை கிராம் குறைந்திருக்கிறது என்று சொல்லுங்கள். எழுப்ப முடியாமல் தூங்கினாலோ மூச்சு மெதுவானாலோ நேராக 911.